கருத்தெடுப்பா, உற்றுநோக்கலா? உளவியல் ஆய்வில் எதை எப்போது எப்படிப் பயன்படுத்துவது

கேள்வி சுருக்கமாக இது: "எம்.எஸ்ஸி. உளவியல் இறுதியாண்டு. கல்லூரி மாணவர்களின் கைப்பேசிப் பழக்கத்துக்கும் வகுப்பில் அவர்கள் கவனத்துக்கும் உள்ள தொடர்புதான் என் ஆய்வுத் தலைப்பு. கூகுள் ஃபார்மில் வினாநிரல் போட்டு வாட்ஸாப் குழுக்களில் அனுப்பினால் போதுமா, அல்லது வகுப்பில் உட்கார்ந்து உற்றுநோக்க வேண்டுமா? எத்தனை பேர் தேவை?"

எத்தனை பேர் என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் தீர்மானிக்க வேண்டியது வேறு: மாணவர்கள் தங்கள் பழக்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது உங்களுக்கு வேண்டுமா, அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது வேண்டுமா? இரண்டும் ஆராயத் தகுந்தவைதான். ஆனால் ஒன்றை அளந்துவிட்டு மற்றதைப் பற்றி முடிவு எழுதுவதுதான் மாணவர் ஆய்வுகளில் மிக அதிகம் நடக்கும் தவறு. வினாநிரல் மனிதர்கள் சொல்வதை அளக்கிறது. உற்றுநோக்கல் செய்வதை அளக்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு 1934-இல் வெளியான, சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியரின் ஆய்வை இன்றும் பாடமாக வைக்கிறார்கள். 1930-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அவர் அமெரிக்காவில் காரில் பயணம் செய்தார். சீனர்கள்மீது வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். தங்குமிடங்களும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓரிடத்தில்தான் இடம் இல்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் வந்தது 128 இடங்களிலிருந்து. அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்" என்று சொல்லின.

"மனிதர்கள் பொய் சொல்கிறார்கள்" என்று இதற்கு முடிவு கட்டிவிடக் கூடாது. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வரவேற்பு மேசையில் நின்றவரும் ஒருவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. கடிதம் கேட்டது ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் வந்து நின்றது நல்ல உடையில், சிரித்த முகத்தோடு, ஒரு வெள்ளைக்காரருடன் வந்த இரண்டு பேர். ஆக, இரண்டு அளவுகளும் இரண்டு வெவ்வேறு பொருள்களை அளந்தன. இதிலிருந்து கருத்தெடுப்புக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது: எந்த நடத்தையைக் கணிக்க நினைக்கிறீர்களோ அதே செயல், அதே பொருள், அதே சூழல், அதே காலம் கேள்வியிலும் இருக்க வேண்டும். 1979-இல் டேவிட்சனும் ஜக்கார்டும் செய்த ஆய்வில், கருத்தடை பற்றிய பொதுவான மனப்பான்மைக்கும் பின்னாளில் கருத்தடை மாத்திரை பயன்படுத்தியதற்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் தொடர்பு இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) வெறும் 0.08. "அடுத்த 2 ஆண்டுகளில் நான் மாத்திரை பயன்படுத்துவது" என்று குறிப்பாகக் கேட்டபோது அது 0.57 ஆனது. அதே பெண்கள், அதே நடத்தை. கேள்வியின் குறிப்புத்தன்மை மட்டும்தான் மாறியது. ஆகவே "கைப்பேசி படிப்பைக் கெடுக்கிறது என்று நினைக்கிறீர்களா" என்று கேட்டு வகுப்பில் அவர் என்ன செய்வார் என்பதைக் கணிக்க முயலாதீர்கள்.

உங்கள் தலைப்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. எவ்வளவு நேரம் கைப்பேசி பார்க்கிறோம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. 2021-இல் பாரியும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்கள் தாங்களே சொன்ன பயன்பாட்டுக்கும் கருவியில் பதிவான பயன்பாட்டுக்கும் ஒட்டுறவு சுமார் 0.38 மட்டுமே இருந்தது. எனவே நேரம்தான் உங்கள் மாறி, அதாவது ஆளுக்கு ஆள் மாறுவதாக நீங்கள் அளக்கும் பண்பு, என்றால் அதைக் கேட்காதீர்கள்; ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐஃபோனில் ஸ்கிரீன் டைம் இரண்டும் அதைக் கணக்கு வைத்திருக்கின்றன. கடந்த 7 நாளின் நாள்வாரி நேரத்தை மாணவரே பார்த்துப் படிவத்தில் எழுதட்டும். ஸ்கிரீன்ஷாட் கேட்பதானால் செயலிகளின் பெயர்ப் பட்டியல் இல்லாத பக்கத்தை மட்டும் கேளுங்கள்; யார் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தேவையில்லாத அந்தரங்கம். இரண்டு கைப்பேசி வைத்திருக்கிறாரா, இரவில் ஏதாவது வீடியோ ஓடவிட்டுத் தூங்குகிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பதிவான எண்ணும் பொய்க் கணக்கு காட்டும்.

வகுப்புக் கவனம் உற்றுநோக்கலுக்கு உரியது. கைப்பேசி இல்லாமல் தவிப்பது, குற்ற உணர்வு, கட்டுப்பாடு இழந்த உணர்வு போன்றவை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அவற்றுக்கு வினாநிரல்தான் வழி. ஆக உங்களுக்கு மூன்றும் தேவைப்படலாம். இனி ஒவ்வொன்றாக.

யாரிடம் கேட்பது

வாட்ஸாப்பில் படிவம் அனுப்புவதில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. கைப்பேசியை அதிகம் பார்ப்பவர்தான் உங்கள் செய்தியை முதலில் பார்ப்பார், நிரப்பியும் அனுப்புவார். குறைவாகப் பார்ப்பவர் கண்ணில் அது படாமலே குழுவில் மேலே ஏறிப் போய்விடும். நீங்கள் ஆராயும் மாறியே யார் உங்கள் மாதிரியில் (பதில் வாங்கும் குழுவில்) வருவார் என்பதைத் தீர்மானிக்கிறது. 2000 பேர் நிரப்பினாலும் இந்தப் பிழை ஒரு துளியும் குறையாது.

எண்ணிக்கை இப்படிப்பட்ட ஒருபக்கச் சாய்வைச் சரிசெய்யாது என்பதற்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் பழைய சான்று. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் படிவங்களை அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததை எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை. படிவம் கிடைத்தவர்களில் நாலில் ஒருவருக்கும் குறைவானவர்களே திருப்பி அனுப்பினார்கள், அவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். பட்டியலில் உள்ள சாய்வு ஒன்று, பதில் தராதவர்களால் வரும் சாய்வு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சிந்திக்க வேண்டும்.

செய்யக்கூடியது இது. கல்லூரி அலுவலகத்தில் மாணவர் பட்டியல் கேளுங்கள். அதுதான் உங்கள் முழுமைத் தொகுதி, அதாவது யாரைப் பற்றி முடிவு சொல்லப்போகிறீர்களோ அவர்கள் எல்லோரும். 1200 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விகிதத்தை 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதப் புள்ளி கூடக்குறைய மதிப்பிட 384 பேர் வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது பெரிய தொகுதிக்கானது. 1200 பேருக்குத் திருத்தினால் 384 ÷ (1 + 383/1200), அதாவது சுமார் 292. அறுபது சதவீதம் பேர்தான் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் 487 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலை ஆண்டு, துறை வாரியாக அடுக்கி, சமவாய்ப்பு எண் கொண்டு பெயர்களை எடுங்கள். தேர்வானவர்களை நேரில் போய்ப் பாருங்கள். வரவில்லை என்றால் வேறு நாளில் இன்னும் இரண்டு முறை முயலுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மாற்றாளாக எடுத்துக்கொள்ளவே கூடாது, ஏனென்றால் வகுப்புக்கு வராதவர்தான் உங்கள் தலைப்புக்கு முக்கியமானவர்.

பட்டியல் கிடைக்காமல் வகுப்பு வகுப்பாக எடுத்தால் விலை ஒன்று உண்டு. ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். வகுப்புக்கு 40 பேர், வகுப்பினுள் ஒற்றுமையைக் காட்டும் கெழு 0.05 என்றால், வடிவமைப்பு விளைவு 1 + 39 × 0.05 = 2.95. அதாவது 10 வகுப்புகளில் 400 பேரிடம் கேட்டது, தனித்தனியாகத் தேர்ந்த 136 பேரிடம் கேட்டதற்குத்தான் சமம். முடிந்தால் குறைந்த வகுப்புகளில் எல்லோரையும் எடுப்பதைவிட, அதிக வகுப்புகளில் ஒவ்வொன்றிலும் பத்துப் பேரை எடுங்கள்.

நாடு தழுவிய அளவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க விரும்பினால், பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின் அறிக்கையைப் படிக்கலாம். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள், 34,802 பெரியவர்கள், படிப்படியான சமவாய்ப்புத் தேர்வு, வீட்டுக்கே சென்று நேர்காணல். மாவட்டத்திலிருந்து வீடு வரை இறங்கும் தேர்வு முறைக்காகவே அதன் முறையியல் பகுதியைப் படிக்க வேண்டும்.

கேள்வி எழுதுவது

ஒரே செய்தியை இரண்டு விதமாகக் கேட்டால் இரண்டு பதில் வரும் என்பது 1941-லேயே தெரிந்துவிட்டது. மக்களாட்சிக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை "அனுமதிக்க வேண்டுமா" என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றனர். "தடை செய்ய வேண்டுமா" என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 46 சதவீதம்தான். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றே. ஆனாலும் தடை என்ற கடுமையான சொல்லைத் தங்கள் வாயால் சொல்லப் பலர் தயங்குகிறார்கள்.

கேள்வியைவிடப் பதில் கட்டங்கள் இன்னும் தந்திரமானவை. 1985-இல் ஜெர்மனியில் ஷ்வார்ஸும் உடன் ஆய்வர்களும் தினமும் எவ்வளவு நேரம் டி.வி. பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்கு "அரை மணி வரை" என்று தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடியும் கட்டங்கள். மற்றக் குழுவுக்கு "இரண்டரை மணி வரை" என்று தொடங்கி மேலே போகும் கட்டங்கள். இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாவது குழுவில் 37.5 சதவீதம். கட்டங்களின் நடுவே இருப்பதுதான் ஊரார் வழக்கம் என்று பதிலளிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அதனால் கைப்பேசி நேரத்துக்கு "1–2 மணி, 2–3 மணி" என்று கட்டம் போடாதீர்கள். வெற்றிடம் விட்டு மணி, நிமிடம் எழுதச் சொல்லுங்கள்.

"பொதுவாக", "அடிக்கடி" போன்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். "கடந்த 7 நாளில், வகுப்பு நடக்கும்போது எத்தனை நாள் கைப்பேசியில் செய்தி அனுப்பினீர்கள்?" என்றால் 0 முதல் 7 வரை பதில் வரும், ஒருவரோடு ஒருவரை ஒப்பிடவும் முடியும். ஒரு கேள்வியில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும். "கைப்பேசியால் என் தூக்கமும் படிப்பும் பாதிக்கப்படுகின்றன" என்பதற்கு, தூக்கம் கெட்டுப் படிப்பு கெடாதவர் எதைக் குறிப்பார்?

ஏற்கெனவே உள்ள அளவுகோலை எடுப்பது நல்லது, ஆனால் அது எங்கே பிறந்தது என்று பாருங்கள். கைப்பேசி அடிமைத்தன அளவுகோலின் சுருக்க வடிவம் 2013-இல் தென்கொரியாவில் உருவானது. 10 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை, மொத்தம் 10 முதல் 60. ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்ற வெட்டெண்கள் (அடிமைத்தனம் என்று கொள்ளும் எல்லை மதிப்பெண்கள்) கொரியப் பதின்பருவ மாணவர்களை வைத்து வந்தவை. அவற்றை அப்படியே கோவை, மதுரைக் கல்லூரி மாணவர்கள்மீது வைத்து "இத்தனை சதவீதம் பேர் அடிமைகள்" என்று எழுதும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். அந்த வாக்கியத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. வெட்டெண்ணை விட்டுவிட்டு மொத்த மதிப்பெண்ணைத் தொடர் மாறியாகப் பயன்படுத்துங்கள்.

தமிழில் கொடுப்பதானால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது. ஆறேழு மாணவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், இந்த எண்ணை எப்படி முடிவு செய்தீர்கள்" என்று கேளுங்கள். அரை நாள் வேலை. புள்ளியியலால் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகள் இதில்தான் வெளிப்படும். ஆய்வு முழுவதிலும் நேரத்துக்கு இத்தனை பலன் தரும் படி வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதன் பிறகு 30 பேரிடம் முன்னோட்டம் பார்த்து, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபாவைக் கணக்கிடுங்கள். 0.70-க்கு மேல் வந்தால் ஏற்பது வழக்கம். கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். எல்லாக் கூற்றும் ஒரே பண்பை அளக்கின்றன என்பதற்கு அது சான்றாகாது. எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால் ஆல்ஃபா திடீரென விழும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

அக்கறையில்லாமல் நிரப்புபவர்களை எப்படி நீக்குவது என்பதைத் தரவு கையில் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். கூற்றுக்கு 2 விநாடிக்கும் குறைவாக எடுத்தவர், நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் ஒரே கட்டத்தை வரிசையாகக் குறித்தவர், "இந்த வரிக்கு 4-ஐத் தேர்ந்தெடுக்கவும்" என்பதில் தவறியவர் என விதி தெளிவாக இருக்கட்டும். கூகுள் ஃபார்ம் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தராது. நேரம் வேண்டுமானால் அதைப் பதிவு செய்யும் வேறு மென்பொருள் தேவை. முடிவைப் பார்த்த பின்னால் யாரை நீக்கலாம் என்று யோசித்தால், நீங்கள் அறியாமலேயே உங்களுக்கு வேண்டிய முடிவை நோக்கி நீக்குவீர்கள்.

தேர்வில் கைப்பேசி பார்த்து எழுதியது போன்ற செய்திகளை நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. 1965-இல் வார்னர் முன்வைத்த எண்ணத்தின் எளிய வடிவம் இங்கே உதவும். பதிலளிப்பவர் தனியாக நாணயம் சுண்டுகிறார். தலை விழுந்தால் எதுவானாலும் "ஆம்" என்று எழுதுகிறார், பூ விழுந்தால் உண்மையை எழுதுகிறார். 200 பேரில் 130 "ஆம்" வந்தால், சுமார் 100 ஆம்கள் நாணயத்தால் வந்தவை. மீதி 30, பூ விழுந்த 100 பேரிடமிருந்து வந்தவை. மதிப்பீடு 30 சதவீதம். யார் செய்தார் என்று உங்களுக்கே தெரியாது என்பதுதான் இதன் பலம். நேரடிக் கேள்வியில் 3.2 சதவீதப் புள்ளியாக இருந்திருக்கும் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு கூடக்குறைய வரலாம் என்ற அளவு) இதில் 6.7 ஆகிவிடும் என்பது பலவீனம். சிறிய மாதிரியில் இதை முயல வேண்டாம்.

மனச்சோர்வையும் சேர்த்து அளக்கப் பலர் பி.எச்.க்யூ-9 வினாநிரலைப் போடுகிறார்கள். 9 கூற்றுகள், 0 முதல் 27 மதிப்பெண், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. அதன் ஒன்பதாவது கூற்று இறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் கேட்கிறது. அதற்கு ஒருவர் 0 தவிர வேறு எதையாவது குறித்தால் அன்றே என்ன செய்வீர்கள் என்ற திட்டம் இல்லாமல் அந்தக் கூற்றைக் கேட்கக் கூடாது. பெயரில்லாப் படிவத்தில் அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. கல்லூரி ஆலோசகரின் பெயர், அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 ஆகியவை எல்லோருக்கும் கிடைக்கும் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். யாரென்று அறிந்து தொடரும் ஏற்பாடு இல்லையென்றால், நெறிமுறைக் குழுவிடம் கேட்டு அந்தக் கூற்று இல்லாத 8 கூற்று வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

வகுப்பில் உற்றுநோக்குவது

"கவனமாக இருந்தார்" என்பது உற்றுநோக்கல் அல்ல, தீர்ப்பு. பார்த்ததை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக: "கைப்பேசி கையிலோ மடியிலோ மேசையிலோ இருக்கிறது, கண்கள் அதன்மேல் இருக்கின்றன, நீங்கள் பார்க்கும் 2 விநாடியும் பார்வை விலகவில்லை" என்றால் மட்டும் பயன்பாடு. கைப்பேசி தலைகீழாகக் கவிழ்ந்து மேசையில் கிடந்தால் பயன்பாடு இல்லை. பாடக்குறிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்தால்? அதற்குத் தனிக் குறியீடு வேண்டும். முகம் தெரியவில்லை என்பதற்கும் ஒரு குறியீடு வையுங்கள். இல்லாவிட்டால் தெரியாததெல்லாம் "இல்லை" என்ற கட்டத்தில் போய் விழும். இப்படி வரையறுத்த வகைகளையும் நேரக் கூறெடுப்பையும் (குறித்த நேரத்துண்டுகளில் மட்டும் பார்த்துப் பதிவதையும்) சேர்த்துச் செய்த பழைய நல்ல மாதிரி மில்ட்ரெட் பார்ட்டனின் 1932 ஆய்வு. மழலையர் விளையாட்டை ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிமிடம் என்று பார்த்து, எதிலும் ஈடுபடாமல் இருப்பதிலிருந்து கூடி விளையாடுவது வரை ஆறு வகைகளில் பதிந்தார். வகைகள் இன்றும் பயன்பாட்டில் இருப்பதற்குக் காரணம், இன்னொருவர் படித்துவிட்டு அதே வகையில் குறிக்கக்கூடிய தெளிவு.

எப்போது பார்ப்பது என்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 1974-இல் ஜீன் ஆல்ட்மன், விலங்கு நடத்தை ஆய்வுக்காக எழுதிய கட்டுரையில் கூறெடுப்பு முறைகளைப் பிரித்து, எது எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்று காட்டினார். மனிதர்களைப் பார்ப்பவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். கண்ணில் பட்டதை எழுதுவது முன்னோட்டத்துக்கு மட்டும் சரி, ஏனென்றால் கண்ணைக் கவரும் செயல்கள்தான் அதில் பதிவாகும். ஒருவரையே குறித்த நேரம் தொடர்வது, செயல்களின் வரிசையையும் நீளத்தையும் அறிய உதவும். குழுவை வரிசையாக ஒருமுறை பார்த்து அந்தக் கணத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று குறிப்பது, எத்தனை சதவீத நேரம் என்பதை மதிப்பிட உதவும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

50 நிமிட வகுப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு சுற்று என 10 சுற்று. ஒருவருக்கு 2 விநாடி, குறிக்க 2 விநாடி என்று கொண்டால் 25 மாணவர்களுக்கு ஒரு சுற்று 100 விநாடியில் முடியும். ஒரு நோக்கருக்கு அதற்கு மேல் வேண்டாம். காதில் மாட்டிய கருவியில் 5 நிமிடத்துக்கு ஒரு ஒலி வரட்டும். ஒவ்வொரு சுற்றும் வேறு வரிசையிலிருந்து தொடங்கட்டும். இடைவெளிக்குள் ஒருமுறை நடந்தாலே குறிக்கும் முறையை நேர அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரு மாணவர் நிமிடத்துக்கு 3 விநாடி கைப்பேசி பார்க்கிறார் என்றால் உண்மை அளவு 5 சதவீதம். ஒரு நிமிட இடைவெளி முறையில் அது 100 சதவீதமாகப் பதிவாகும்.

இரண்டு நோக்கர்கள் வேண்டும், குறைந்தது ஐந்தில் ஒரு வகுப்பையாவது இருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒப்புதல் சதவீதத்தை மட்டும் சொன்னால் ஏமாறுவோம். 100 பதிவுகளில் இருவரும் "பயன்பாடு" என்றது 8, இருவரும் "இல்லை" என்றது 84, வேறுபட்டது 8, ஆளுக்கு நான்கு. ஒப்புதல் 92 சதவீதம், பிரமாதமாகத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொருவரும் 12 முறைதான் "பயன்பாடு" என்கிறார்கள். குருட்டாம்போக்கில் குறித்தாலே 0.12 × 0.12 + 0.88 × 0.88 = 0.789 ஒத்துப்போகும். இந்தத் தற்செயல் ஒப்புதலைக் கழித்துவிட்டு அளக்கும் கோஹனின் கப்பா (0.92 − 0.789) ÷ (1 − 0.789), சுமார் 0.62. அரிதாக நடக்கும் செயலில் இரண்டுக்கும் இடைவெளி இவ்வளவு. பயிற்சிப் பதிவுகளில் 0.75-ஐ எட்டிய பிறகே உண்மைப் பதிவைத் தொடங்குங்கள். பாதி வழியில் மீண்டும் சரிபாருங்கள், ஏனென்றால் நோக்கர்கள் போகப்போகத் தங்களுக்கென ஒரு வரையறையை உருவாக்கிக்கொள்வார்கள்.

வினாநிரலில் யார் அதிக மதிப்பெண் எடுத்தார் என்பது நோக்கருக்குத் தெரியக் கூடாது. 1974-இல் லாங்கரும் ஏபெல்சனும் ஒரே நேர்காணல் காணொளியை மருத்துவ உளவியலாளர்களுக்குக் காட்டினார்கள். சிலரிடம் அவர் வேலைக்கு விண்ணப்பித்தவர் என்றும் சிலரிடம் நோயாளி என்றும் சொன்னார்கள். உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றவர்கள், நோயாளி என்று கேட்டபோது அதே மனிதரை அதிகம் பாதிக்கப்பட்டவராகக் கண்டார்கள். தேர்ந்தவர்களுக்கே இப்படி என்றால், தன் கருதுகோள் வெல்ல வேண்டும் என்று விரும்பும் ஆய்வு மாணவர் தானே தனியாக உட்கார்ந்து குறிப்பது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறும். முதல் இரண்டு, மூன்று வகுப்புகளில் உட்கார்ந்து பதிவு செய்துவிட்டு அந்தத் தரவைக் கணக்கில் எடுக்காமல் விடுவது நடைமுறைத் தீர்வு. பின்வரிசை ஓரம் உட்காருங்கள், யாருடைய கண்ணையும் நேராகப் பார்க்க வேண்டாம். மறைந்து பார்ப்பது தீர்வல்ல. வகுப்பறை பொது இடம் அல்ல, ஆசிரியரின் அனுமதி மாணவரின் ஒப்புதலும் அல்ல. "வகுப்பறை நடத்தைகளைப் பதிகிறோம், பெயர் பதியப்படாது, மதிப்பெண்ணுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ போகாது" என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கைப்பேசி என்று குறிப்பாகச் சொல்லாமல் விடுவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை, முடிவில் உண்மையை விளக்கவும் வேண்டும். பதினெட்டு நிரம்பாத முதலாண்டு மாணவர் இருந்தால் பெற்றோர் ஒப்புதலும் அவர் சம்மதமும் இரண்டும் வேண்டும்.

இப்போது எண்ணிக்கை

இருக்கை எண்ணுக்கு ஒரு சங்கேத எண் கொடுத்து, வினாநிரலிலும் அதே எண்ணை எழுத வைத்தால் ஆளுக்கு ஆள் இணைக்கலாம். உண்மை ஒட்டுறவு 0.40 என்று வைத்துக்கொள்வோம். வினாநிரலின் நம்பகத்தன்மை (மீண்டும் அளந்தாலும் அதே விடை வரும் அளவு; 1 என்றால் முழுமை) 0.70, உற்றுநோக்கலின் நம்பகத்தன்மை 0.60 என்றால், உங்கள் தரவில் தெரியப்போவது 0.40 × √(0.70 × 0.60), சுமார் 0.26. 80 சதவீதத் திறனுடன் (இருக்கும் தொடர்பைத் தவறவிடாமல் பிடிக்க 80 சதவீத வாய்ப்புடன்) 0.40-ஐக் கண்டுபிடிக்க 47 பேர் போதும், 0.26-க்கு 114 பேர் வேண்டும். அளவையைச் செம்மைப்படுத்துவது ஆள் சேர்ப்பதைவிட மலிவு. ஒரு மாணவரை ஒரே வகுப்பில் 10 முறை பார்ப்பதைவிட நான்கு வெவ்வேறு வகுப்புகளில் பார்த்தால் உற்றுநோக்கலின் நம்பகத்தன்மை ஏறும், ஏனென்றால் ஒரு நாள் தூக்கக் கலக்கமும் ஒரு பாடத்தின் சலிப்பும் சராசரியில் கரைந்துவிடும்.

தொடர்பு கிடைத்தாலும் "கைப்பேசி கவனத்தைக் குலைக்கிறது" என்று எழுத முடியாது. பாடம் புரியாததால் கைப்பேசிக்குப் போயிருக்கலாம். முந்தைய இரவு தூக்கமின்மை இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம். தூக்க நேரம், முந்தைய பருவ மதிப்பெண், பாட ஆசிரியர் ஆகியவற்றைப் பதிந்து வைத்தால் சில மாற்று விளக்கங்களைச் சோதிக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. காரணத்தை உறுதியாகச் சொல்ல, கைப்பேசியைச் சில வகுப்புகளில் சமவாய்ப்பு முறையில் வெளியே வைக்கச் செய்யும் சோதனைதான் வேண்டும்.

எழுதும்போது, எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை பேரைச் சந்திக்க முடிந்தது, எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை படிவங்களை எந்த விதிப்படி நீக்கினீர்கள், கப்பா எவ்வளவு, எந்த மாதத்தில் எடுத்தது என்று எல்லாவற்றையும் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்துத் தரவும் பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்துத் தரவும் ஒன்றல்ல.

வினாநிரல் மதிப்பெண்ணும் கைப்பேசியில் பதிவான நேரமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டு "கட்டுப்படுத்தவே முடியவில்லை" என்று குறித்தவர்களையும், ஏழு மணி நேரம் பார்த்துவிட்டு "எந்தச் சிக்கலும் இல்லை" என்று குறித்தவர்களையும் தனியாகப் பிரித்து அட்டவணை போடுங்கள். இந்த இரண்டு குழுவினரும் வகுப்பில் எப்படி இருக்கிறார்கள் என்று உங்கள் உற்றுநோக்கல் தரவு காட்டும். வாட்ஸாப் படிவம் மட்டும் அனுப்பியிருந்தால் இப்படி இரண்டு குழுக்கள் இருப்பதே தெரிந்திருக்காது.